வனஜாவின் பரீட்சைக்கு உட்கார்ந்தவன்

அசையக் கூடாது. மூச்சு விடலாம், கண் சிமிட்டலாம், எச்சில் விழுங்கலாம், மற்றபடி அசையக் கூடாது என்று ஜெரால்டு சார் சொல்லிவிட்டு நகர்ந்ததுதான் தாமதம், மூக்கோரம் அரிக்க ஆரம்பித்துவிட்டது. மூக்குக்கும் காது கேட்கும் போலிருக்கிறது. பஸ் ஓட்டும்போது அரித்தால் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சொறிந்துகொள்வேன், அதற்காக யாரும் மெமோ கொடுத்ததில்லை. இங்கே சட்டையில்லாமல், வேட்டியை மட்டும் கட்டிக்கொண்டு, மேடைமேல் போட்ட மர ஸ்டூலில், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் பார்க்க உட்கார்ந்திருக்கிறேன். ஆளுக்கொரு முக்காலித் தட்டியில் பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டிக்குப் பேர் ஈசல் என்று வனஜா முதன்முதலில் சொன்னபோது, மழை வருவதற்கு முன்னால் விளக்கைச் சுற்றுமே அதுவா என்று கேட்டுச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. விளக்கு நான்தான். வழக்கமாக வந்து உட்காரும் பூக்கடை தேசிங்குக்குக் காய்ச்சலாம். பரீட்சையை வைத்துக்கொண்டு ஆள் இல்லையே என்று சார் கையைப் பிசைந்தபோது, எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கு வார லீவு சார், சும்மாதான் இருப்பாரு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கும் தெரியாது, நேற்றுவரை எனக்கும் தெரியாது. என் மனைவி எனக்கு நேர் எதிரே இல்லை, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். தலையைத் திருப்பக் கூடாது. கண்ணின் ஓரத்தால் பார்க்கிறேன். அது எனக்குப் பழக்கம்தான், கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே வயிறு வளர்த்தவன். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகியிருக்கிறாள். கரித்துண்டை விரல் நுனியில் பிடித்திருக்கிறாள், பென்சில் பிடிக்கிற மாதிரி இல்லை, ரொட்டித் துண்டைக் கிள்ளிக் காக்கைக்கு நீட்டுகிற மாதிரி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, கட்டைவிரலால் என்னை அளக்கிறாள்.

அளக்கட்டும். என் உடம்பு இரண்டு நிறம், அது எல்லாருக்கும் இப்போது தெரிந்திருக்கும். கழுத்துக்கு மேலே கறுப்பு, காக்கிச் சட்டை மறைத்த இடம் மாநிறம், முழங்கைக்குக் கீழே மறுபடியும் கறுப்பு. அதிலும் வலது கை இன்னும் கறுப்பு, ஜன்னல் பக்கத்து வெயில் தின்ற கை. சட்டையைக் கழற்றியதும் பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். வனஜா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான், சிரிப்பு நின்றுவிட்டது. இந்த வகுப்பில் அவளுக்கு அப்படி ஒரு மரியாதை இருக்கிறது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். எல்லாரும் அக்கா, அக்கா என்கிறார்கள். இது சமுதாயக் கல்லூரி. படிப்பைப் பாதியில் விட்டவர்கள், கல்யாணம் ஆனவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே வருகிறவர்கள் எல்லாரும் சேரலாம். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடம், இந்த அறை அப்போது வார்டு. சுவரில் இன்னமும் கட்டில் எண்கள் மங்கலாகத் தெரிகின்றன. ஒரு பக்கம் கம்ப்யூட்டர், ஒரு பக்கம் தையல், மாடியில் நர்சிங் உதவியாளர் படிப்பு, மூலையில் இந்த நுண்கலை டிப்ளமா. நுண்கலை என்றால் என்ன என்று டிப்போவில் கேட்டார்கள். படம் போடறது என்றேன். கோலமா என்றான் ஒருத்தன். இல்லைடா, ஆளை உட்கார வைத்து, பார்த்துப் போடுவது என்றேன். சொல்லும்போதே எனக்குள் ஏதோ பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை வீட்டுக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேனா என்றால் அது ஞாபகமில்லை. கால் மரத்துப்போகிறது. இடது கால். கட்டைவிரலைச் செருப்புக்குள் அசைத்துக்கொள்ளலாம் என்றால் செருப்பும் போடவில்லை.

பார்க்கிறாள், குனிகிறாள், பார்க்கிறாள். கரி காகிதத்தில் உரசும் சத்தம் இங்கே வரை கேட்கிறது, எலி பெட்டியைச் சுரண்டுகிற மாதிரி. பன்னிரண்டு எலிகள் இருக்கும். அதில் அவளுடையது எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிகிறது. வேகமாக, நிற்காமல் ஓடுகிறது. அது அவள் கைக்குத் தெரிந்த ஓட்டம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை டிசைன் போட்டுக்கொடுத்த கை. மாங்காய், மயில், தாமரை மொட்டு, மறுபடி மாங்காய். சாம்பாரைக் கிளறிக்கொண்டே ஒரு மயிலைப் போட்டுவிடுவாள். கரண்ட் போன நேரத்தில் இருட்டில் போட்டதைக்கூட நான் பார்த்திருக்கிறேன், வெளிச்சம் வந்ததும் மயில் தப்பில்லாமல் நின்றது. அந்தக் கைதான் போன வருஷம் இதே பரீட்சையில் அவளைக் கவிழ்த்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அவள் போட்டதைப் பார்த்துவிட்டு, பொம்மை நல்லா இருக்கும்மா, ஆள் எங்க என்று கேட்டாராம். தேசிங்குக்கு மீன் மாதிரிக் கண், வில் மாதிரிப் புருவம் போட்டிருக்கிறாள். தேசிங்குக்குப் புருவமே கிடையாது. வீட்டுக்கு வந்து அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து காஸ் சிலிண்டரைப் போட ஆரம்பித்தாள். மறுநாளும் சிலிண்டர். அதற்கு மறுநாளும். என்ன வனஜா, காஸ் கம்பெனி வைக்கப்போறியா என்றேன். சிலிண்டர் உருண்டையா இருக்குன்னு எனக்குத் தெரியுதுங்க, அந்தத் தெரியறதுதான் வந்து மறைக்குது, இங்க பாருங்க, இந்தப் பக்கம் அமுங்கி ஒரு சொட்டை இருக்கு, இத்தனை நாளா சமைக்கறேன், நான் பார்த்ததே இல்ல என்றாள். நானும் போய்ப் பார்த்தேன். சொட்டை இருந்தது. அதற்கப்புறம் என் செருப்பு, அரிவாள்மணை, கொடியில் தொங்கும் என் காக்கி பேண்ட், தூங்கும்போது என் பாதம் என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். ஐம்பதை நெருங்குகிற ஒருத்தி, கைக்குத் தெரிந்த அத்தனையையும் தானே மறக்க வைத்துக்கொண்டு, ஒன்றாம் கிளாஸ் பிள்ளை மாதிரி ஆரம்பிப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். என்னை நாளைக்கு இடது பக்க ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஏற்றிவிட்டால் நான் இறங்கி ஓடிவிடுவேன்.

வெளியே ஏர் ஹாரன். நம்ம வண்டிதான், சிதம்பரம் வண்டி. ஓட்டுகிறவன் பாபு, அவன்தான் இப்படி இழுத்து இழுத்து அடிப்பான். ஆஸ்பத்திரி இருந்த இடம்டா, மெல்ல அடி. கண்ணை நேரே வை தணிகாசலம். எதிர்ச் சுவரில் ஆணி ஒன்று, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார் சார். ஆணி. ஆணியில் எதுவும் மாட்டவில்லை. பஸ்ஸில் ஏறுகிற ஜனங்கள் என் பின்மண்டையைத்தான் பார்ப்பார்கள். யாரும் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போனபோது வனஜா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பார்க்கிறாள். அவள் பார்வை என் மேல் வந்து படும்போது தெரிகிறது. சாமி சத்தியமாகத் தெரிகிறது, தோளில் ஒரு எறும்பு ஏறுகிற மாதிரி. மற்றவர்கள் பார்ப்பது அப்படித் தெரியவில்லை. ஒரு நேரம் நெற்றி, ஒரு நேரம் மார்பெலும்பு, ஒரு நேரம் முழங்கால். சாமான் செட்டு சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. கூச்சமாக இருந்தது, இப்போது இல்லை. மனைவி என்கிற எண்ணமே போய்விட்டது. யாரோ ஒருத்தி தன் வேலையில் மூழ்கியிருக்கிறாள். நெற்றியில் ஒரு முடி விழுந்திருக்கிறது, அதை ஒதுக்க மனமில்லாமல் ஊதிவிடுகிறாள். கன்னத்தில் கரி. அழகாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன். அதற்கும் மேலே ஏதோ ஒன்று, அதற்கு எனக்கு வார்த்தை தெரியவில்லை. வளைவில் வண்டி தானாகத் திரும்புகிற மாதிரி ஒரு சமயம் வருமே, கை, கியர், ரோடு எல்லாம் ஒன்றாகி, ஓட்டுகிறவனே இல்லாத மாதிரி. அது அவள் முகத்தில் இருக்கிறது.

இடைவேளை என்றார் சார். நான் எழுந்திருப்பதற்குள் குனிந்து, திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார வேண்டுமே என்று, என் பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். மேடையிலிருந்து இறங்கினேன். இடது கால் என்னுடையதாக இல்லை. படங்களைப் பார்க்கக் கூடாது, அது பரீட்சை விதி. வராந்தாவில் போய்த் தண்ணீர் குடித்தேன். வனஜாவுக்குப் பக்கத்தில் நிற்கிற குமரேசன் பின்னாலேயே வந்தார். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர், எல்லாரும் செல்போனிலேயே எடுத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு இங்கே வந்து சேர்ந்தவர். “அண்ணே, அக்கா உங்கள அப்படியே உரிச்சு வெச்சிருக்காங்க. ஃபோட்டோ தோத்துது போங்க” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போன வருஷம் போனது இந்த வருஷம் வந்துவிட்டது. திரும்பி வாசலில் நின்ற வனஜாவைப் பார்த்தேன். அவள் காதிலும் விழுந்திருக்கிறது. ஆனால் முகம் மலரவில்லை. “ஃபோட்டோ மாதிரியா இருக்கு, குமரேசன்?” என்று மட்டும் கேட்டாள். “ஆமாக்கா!” என்றார் அவர் சந்தோஷமாக. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் போனேன். மேடையில் ஆளில்லாத இரண்டு பாதங்கள், வெள்ளைக் கோட்டில். அங்கேயே நின்றுவிட்டேன். “ஏறுங்க சார்” என்றார் ஜெரால்டு. ஏறினேன். கோட்டுக்குள் பாதங்களை வைத்தேன். சில்லென்றிருந்தது.

ஆணியைப் பார். ஆணி. சாக்பீஸ் என்பது பள்ளிக்கூடத்துச் சாமான், போர்டில் எழுதுவது, சில்லு விளையாடப் பிள்ளைகள் கட்டம் போடுவது. வேறு ஒன்றும் இல்லை. போலீஸ்காரர்களும் போடுவார்கள். சக்கரத்தைச் சுற்றிப் போடுவார்கள். மழைத் தூறலில் கோடு நிற்காது, அழிய அழிய மறுபடி போட்டார் அந்த ஏட்டு, சலிக்காமல். ஆல்பேட்டை ஸ்டாப். சாயங்காலம், தூறல். நான் வண்டியை நிறுத்திவிட்டேன், நன்றாக ஓரம்கட்டி, இண்டிகேட்டர் போட்டு, ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா கூடையை இறக்க நேரமாயிற்று. நான் கண்ணாடியில் அந்தக் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னால், அந்தச் சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. தகரத்தில் தேங்காய் விழுந்த மாதிரி. மோட்டார் பைக்கில் வந்த பையன், தூறலில் பிரேக் பிடிக்கவில்லை, நின்ற வண்டியில் வந்து மோதிவிட்டான். விசாரணை நடந்தது, கண்டக்டர் சொன்னார், கூடைக்கார அம்மா சொன்னார், டிரைவர் மேல் தப்பில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். தப்பில்லை. வனஜாவிடமும் அதையேதான் சொன்னேன், நின்ன வண்டியில வந்து மோதிட்டான், என் மேல தப்பில்ல. அவள் காபி கொடுத்தாள். நான் இறங்கிப் பின்னால் ஓடியதை, அவன் அங்கே கிடந்ததை, நான் குனிந்ததை, அவன் என்னைப் பார்த்து… ஆணி. ஆணியைப் பார். அது துருப்பிடித்த ஆணி. காலண்டர் மாட்டியிருப்பார்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். எத்தனை பேர் இந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்களோ. மூச்சு விடலாம், எச்சில் விழுங்கலாம். அசையக் கூடாது.

எலிச் சத்தத்தில் ஒன்று குறைகிறது. அவளுடையதுதான். கண்ணோரத்தால் பார்க்கிறேன். வனஜா வரையவில்லை. கையைத் தொங்கவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நெற்றி இல்லை, முழங்கால் இல்லை, அளக்கவும் இல்லை. எறும்பு ஊரும் உணர்வு இல்லை. எங்கோ காதுக்குக் கீழே ஒரு இடத்தில் அவள் பார்வை குத்திக்கொண்டு நிற்கிறது. அசைந்துவிட்டேனா. நேராக உட்காரவில்லையா. தோளைச் சரிசெய்யலாமா, செய்தால் இன்னும் கெட்டுவிடுமா. அவள் தன் படத்தைப் பார்க்கிறாள். மறுபடி என்னை. அப்புறம் பலகையின் மேல் மாட்டியிருந்த பழைய பனியன் துணியை எடுத்தாள். என் பனியன்தான், நான் கிழித்துக் கொடுத்தது. அதைச் சுருட்டி, ஒரு கதவைத் திறக்கிற மாதிரி, தோளிலிருந்து கையை வீசி, ஒரே இழுப்பாகக் காகிதத்தை மேலிருந்து கீழே துடைத்தாள். இன்னொரு இழுப்பு. இன்னொன்று. கரித்தூள் ஜன்னல் வெயிலில் புகையாய் எழும்பியது. “அக்கா! என்னாக்கா பண்றீங்க!” என்று குமரேசன் அலறியேவிட்டார். எல்லாரும் திரும்பினார்கள். “பரீட்சை நடக்குது, யாரும் பேசக் கூடாது” என்றார் ஜெரால்டு சார். ஆனால் அவர் குரலும் ஒரு மாதிரி இருந்தது. வயதில் அவளுக்குத் தம்பி போலிருப்பவர். இரண்டு எட்டு அவள் பக்கம் வைத்தார், நின்றுவிட்டார், திரும்பிப் போய்விட்டார். எனக்கு எழுந்து ஓட வேண்டும். அடியே, ஃபோட்டோ தோத்துது என்றாரே, பாஸாகியிருப்பாயே, இன்னும் கொஞ்ச நேரம்தானே இருக்கிறது, முழு உருவம் அல்லவா கேட்டிருக்கிறார்கள், தலையிலிருந்து கால்வரை எப்படிப் போடுவாய் என்று கத்த வேண்டும். அசையக் கூடாது. நான் அசைந்தால் அவள் பரீட்சை போயிற்று. அவளுக்காக நான் செய்யக்கூடியதெல்லாம் இந்த ஸ்டூலில் ஒரு மூட்டையைப் போல இருப்பது மட்டும்தான். என்னால்தான் அழித்தாள். சாக்பீஸைப் பார்த்து நான் எங்கோ போய்விட்டு வந்தேன், போனவன் முகமும் வந்தவன் முகமும் வேறாகியிருக்கும், படத்தைக் கெடுத்துவிட்டேன். பயம் என்றால் பயம். நடுரோட்டில் பிரேக் இல்லை என்று தெரிந்த நொடியில் வருகிற பயம்.

அவளுக்குப் பயம் இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். பயந்தவள் அவசரப்படுவாள், அவள் அவசரப்படவில்லை. புதுக் கரித்துண்டு எடுத்தாள், கொஞ்சம் ஒடித்தாள், ஒடித்த துண்டின் அகலப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டாள். பலகையில் மார்பு ஒட்டுகிற அளவுக்கு நெருங்கிப் போனாள். நெற்றியிலிருந்து ஆரம்பிக்கவில்லை என்று அவள் கையைப் பார்த்தாலே தெரிகிறது. நடுவில் எங்கோ வைத்தாள். வைத்துவிட்டு நீண்ட நேரம் பார்த்தாள். ஒரு கோடு. மறுபடி பார்த்தாள். அந்தப் பழைய ஓட்டம் இல்லை. சாம்பார் கிளறிக்கொண்டே போடுகிற மயில் இல்லை. இருட்டில் தெரியாத வீட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவளின் கை. ஒவ்வொரு அடியையும் நிஜமாகத் தரை இருக்கிறதா என்று பார்த்து வைக்கிறாள். உதடு லேசாகத் திறந்திருக்கிறது. ஒரு முறை மாவு மாதிரிப் பிசைகிற ரப்பரால் ஒற்றி எடுத்தாள், ஒரு முறை சுண்டுவிரலால் தேய்த்தாள், ஒரு முறை கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள், திறந்து, இல்லை என்று தலையாட்டி, ஒரு இடத்தை மாற்றினாள். இவளோடு ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறேன். இவள் வைத்த குழம்பில் உப்பு கம்மி என்று சொல்லியிருக்கிறேன். இவளுக்குள் இப்படி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். எந்த ஊரில் எந்தக் கோயிலில் எந்தச் சிலையைச் செய்தவனும் இப்படித்தான் ஒரு மத்தியானம் நின்றிருப்பான், அவனுக்கும் பக்கத்தில் யாரோ ஒருத்தன், நேரம் ஆச்சு, நேரம் ஆச்சு என்று பதறியிருப்பான். எனக்குப் பதற்றம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை. இவள் பெயிலானாலும் பரவாயில்லை, நான் பார்த்துவிட்டேன் என்று தோன்றியது. பின்னால், சர்ச் பக்கம், ஏதோ இரும்புக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உடம்பு தூக்கிப்போடவில்லை, நான் அசையவில்லை, ஆனால் கழுத்துக்குள் ஏதோ கயிறு இழுபட்டது எனக்கே தெரிந்தது. அதே கணத்தில் வனஜாவின் கை பறந்தது. அதைத்தான் காத்துக்கொண்டிருந்தவள் போலப் பிடித்துப் போட்டாள்.

மணி அடித்தது. கையைக் கீழே வைக்கச் சொன்னார்கள். தேர்வாளர் உள்ளே வந்தார், போன வருஷம் வந்தவரேதான், தடித்த கண்ணாடிக்காரர். என்னிடம் சட்டை போட்டுக்கொள்ளலாம் என்றார்கள், இனிமேல் படங்களைப் பார்க்கலாம் என்றார்கள். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தேன். குமரேசன் பலகையில் நான் இருந்தேன், தொப்பையோடு. சிரித்த பெண்ணின் பலகையிலும் நான் இருந்தேன், பத்து வயது குறைந்து. வனஜாவின் பலகைக்கு வந்தேன். மூக்கும் வாயும் அரைகுறைதான். கண் இருக்க வேண்டிய இடத்தில் துடைத்த சாம்பல் நிறம். கால் இல்லை, கை இல்லை, வேட்டி இல்லை. இருந்ததெல்லாம் ஒரு காது, அதற்குக் கீழே கழுத்து, ஒரு தோளின் ஆரம்பம். அந்தக் காது பின்பக்கம் திரும்பியிருந்தது. மனுஷன் காது திரும்பாது, எனக்குத் தெரியும், ஆனால் திரும்பியிருந்தது. கழுத்து நரம்பு அதற்காகப் புடைத்து நின்றது. முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒருவன், தன் முதுகுக்குப் பின்னால் ஏதோ நடக்கப்போகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நேற்றிலிருந்து இல்லை, ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டான். அது நான்தான். கண்ணாடியில் ஒரு நாளும் நான் பார்க்காத நான். தேர்வாளர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “முழு உருவம் கேட்டிருக்கோமேம்மா” என்றார். “தெரியும் சார்.” “முடிச்சதை அழிச்சீங்களாமே?” “ஆமா சார். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது யாரா வேணா இருக்கலாம் சார்.” அவர் அடுத்த பலகைக்குப் போனார், அதற்கடுத்ததற்குப் போனார், கடைசி வரிசை வரை போய்விட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வனஜாவின் பலகைக்கே வந்தார். நின்று பார்த்தார். “பாஸ் போட்டிருக்கேன். உருவம் முழுசா இல்லாததால மார்க் குறைச்சுத்தான் போட முடியும், அது விதி” என்றார். போகிறவர் நின்று, “நான் மார்க் போடறவன். அந்தத் துணியை எடுக்கற தைரியம் எனக்கு வந்திருக்காது” என்றார். ஜெரால்டு சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ தேடுகிற மாதிரிப் பாவனை செய்தார்.

பஸ் ஸ்டாப்பில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். மத்தியான வெயில். வனஜா கை கழுவியும் நகக்கண்ணில் கரி போகவில்லை. மார்க் குறைந்ததைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இருப்பதாகத் தெரியவில்லை, பசிக்குது என்றாள், பரோட்டா வாங்கிட்டுப் போலாமா என்றாள். “எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?” என்றேன். எதை என்று அவள் கேட்கவில்லை. “இன்னைக்குத்தாங்க. இடைவேளைக்கு அப்புறம் நீங்க வேற மாதிரி உக்காந்துட்டீங்கன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, நீங்க எப்பவும் அப்படித்தான் இருக்கீங்க. சாப்பிடும்போதும் அப்படித்தான், தூங்கும்போதும் அப்படித்தான். எனக்குத் தெரிஞ்ச மனுஷன்தானேன்னு நான்தான் பாக்காமயே இருந்துட்டேன்.” எதிரே ஒரு ஆட்டோ போயிற்று. ஒரு மாடு போயிற்று. நல்லா போட்டிருக்கே வனஜா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிந்துதான் திறந்தேன். வந்தது வேறு. “அந்தப் பையன் எங்கிட்ட பேசினான், வனஜா” என்றேன். அவள் பையைக் கீழே வைத்தாள். “ஆல்பேட்டையில. நான் குனிஞ்சேன். ரத்தம் அவ்வளவா இல்ல. என்னைப் பாத்து, அண்ணே, செருப்பு ஒண்ணு கழண்டு போச்சு, கொஞ்சம் பாருங்களேன்னான். புதுச் செருப்பு போலிருக்கு.” என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. வனஜா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காலையில் ஜன்னலோரம் நின்று பார்த்த அதே பார்வை, ஒன்றையும் தெரிந்த மாதிரி எடுத்துக்கொள்ளாத பார்வை. “பாத்தீங்களா?” என்றாள். “பாத்தேன். எல்லாரும் ஆட்டோ, ஆட்டோன்னு கத்தறாங்க, நான் பஸ்ஸுக்கு அடியில படுத்துத் தேடறேன். பைத்தியக்காரன்னு நெனச்சிருப்பாங்க. கெடைச்சுது. எடுத்துட்டு வந்து அவன் கால்ல மாட்டிவிட்டேன்.” “அப்ப உசிரு இருந்துச்சா?” “இருந்துச்சு. சரிண்ணேன்னான்.” எங்கள் பஸ் வந்து நின்றது. ஓட்டி வந்த பாபு என்னைப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தான், ஏறுங்கண்ணே என்று கை காட்டினான். வனஜா அவனைப் பார்த்து, நீ போப்பா, நாங்க அடுத்த வண்டியில வரோம் என்றாள்.